போர்வெல் ஆழமாச்சு, முட்டை ஓடு மெலிசாச்சு

கேள்வி: அண்ணே, தேவகோட்டை பக்கத்துல 1,200 லேயர் கோழி வச்சிருக்கேன். சித்திரையில போர் வத்திப்போச்சுன்னு ஆழப்படுத்துனோம். அதுலேர்ந்து ட்ரேக்கு நாலஞ்சு முட்டை விரிசல், ஓடில்லாத தோல்முட்டை வேற விழுது, எச்சமும் தண்ணியா போகுது. தீவனத்த மாத்திட்டேன், கிளிஞ்சல் கூட்டிப் போட்டேன், ஒண்ணும் கேக்கல. என்ன நோய் இது?

பதில்: தம்பி, போரை ஆழப்படுத்துனதுலேர்ந்துன்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்பறம் எதுக்கு தீவனத்தப் போட்டு அடிக்கிறீங்க? அந்தத் தண்ணிய ஒரு வாய் ஊத்திப் பாருங்க, கரிச்சா முதல் சந்தேகம் அது மேலதான்.

110 கிராம் தீவனம் தின்கிற கோழி கால் லிட்டர் கிட்ட தண்ணி குடிக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு அது ரெண்டு மடங்காக்கூட போகும், அப்ப உள்ள போற உப்பும் ரெண்டு மடங்குதானே. ஓட்டுக்கு சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது, அதோட சேர்ற கார்பனேட்டு கோழி உடம்புல, முட்டைக்கு ஓடு போடுற பையிலதான் தயாராகணும், உப்புத்தண்ணி அந்த வேலையத்தான் கெடுக்குது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பு இருந்ததுக்கே ஓடு கெட்டதா ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. அதனால கிளிஞ்சல மூட்டை மூட்டையா கொட்டினாலும் புண்ணியமில்ல, சுண்ணாம்பு மட்டும் இருந்தா செவுரு பளபளக்குமா, அதுக்கு முட்டை வெள்ளைக்கரு வேணும்னு செட்டிநாட்டு ஆளுக்கு நான் சொல்லணுமா!

குடிநீர் வடிகால் வாரிய லேப்ல தண்ணிய டெஸ்ட் குடுங்க. மோட்டார பத்து நிமிஷம் ஓடவிட்டு ஒரு பாட்டில், ஷெட்டுல கோழி கொத்திக் குடிக்கிற குழாய் முனை இருக்கே, அந்தக் கடைசி நிப்பிள்லேர்ந்து ஒரு பாட்டில், ரெண்டும் வேணும். டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சு கிடக்கிற மொத்தப் பொருள், லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பொதுவா பரவால்ல, ஆனா அதுல உப்பு எவ்வளவுன்னு தனியா கேளுங்க. 3,000 தாண்டினா அந்தப் போர லேயருக்கு மறந்துடுங்க. தீவனத்துல கருவாட்டுத் தூள் சேர்க்கிறீங்களா? அதுலயே உப்பு கிடக்கு, கணக்குப் பண்ணி மேல போடுற உப்பக் குறைங்க. எங்க அப்பத்தா மழை பெஞ்சா முற்றத்துல அண்டா வச்சு வேட்டியில வடிகட்டிப் புடிக்கும், நீங்களும் ஷெட்டு கூரைத் தண்ணிய தொட்டியில சேத்து கலந்து குடுக்கலாம். ஊருணித் தண்ணி இனிப்பாத்தான் இருக்கும், ஆனா கிருமி இருக்கும், குளோரின் போடாம குடுக்காதீங்க.

ஒரு கசப்பான விஷயம், தண்ணிய மாத்தினாலும் இந்த பேட்ச்சுல ஓடு முழுசா திரும்பும்னு எதிர்பார்க்காதீங்க, அடுத்த குஞ்சு இறக்குறதுக்கு முன்னாடி சரிபண்ணிடுங்க. இருமல், தும்மல் இருந்து முட்டையும் சட்டுனு குறைஞ்சிருந்தா அது வேற கதை, டாக்டரக் கூட்டிட்டு வாங்க.

கேள்வி: குன்றக்குடி பக்கம் எங்களது செம்பூரான் மண்ணு. டேங்க்ல செவப்பா படியுது, கடைசி கூண்டுல தண்ணியே சொட்டல.

பதில்: இரும்பு. அந்த அளவு இரும்பு கோழியக் கொல்லாது, ஆனா அதத் தின்னு வளர்ற பாக்டீரியா குழாய்க்குள்ள வழுவழுன்னு படிஞ்சு நிப்பிள அடைச்சிடும். போர் தண்ணிய நேரா லைனுக்கு விடாம, ஷவர் மாதிரி தூவவிட்டு ஒரு தொட்டியில இறக்குங்க, காத்து பட்டா இரும்பு செவப்பா திரியும், ராத்திரி பூரா தெளியவிட்டு மேல் தண்ணிய மட்டும் எடுங்க. வாரம் ஒரு நாள் லைன் கடைசி மூடியத் தொறந்து வேகமா அடிச்சு விடுங்க. தாகத்துல நிக்கிற கோழி தீவனமும் தின்னாது, முட்டையும் போடாது.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணியில வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பூசி குடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. குளோரின் தடுப்பூசிக் கிருமியவே கொன்னுடும். ஒரு நாள் முன்னாடியே நிறுத்திட்டு, வெறும் தண்ணியில லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர் கலந்து, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள குடிக்க வச்சிடுங்க.