அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்தெந்த அணிகளுக்குப் பவுல் ஆட்டம் கிடைக்கும் என்று முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள்?

பவுல் என்பது வழக்கமான சீசன் முடிந்த பின், இரண்டு அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம். நல்ல அணிகளை வரிசைப்படுத்தி மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் பட்டியல் கிடைத்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படிக் கிடைக்காது. பவுல் பட்டியலைக் கணிக்க நினைப்பவர் அணிகளுக்கு முன்னால் இடங்களை எண்ண வேண்டும். எத்தனை இலை போட்டிருக்கிறார்கள், எந்த இலை யாருக்கென்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள், ஆள் குறைந்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று பந்தி விசாரிப்பவர் போடும் கணக்கு அது. அணியின் திறமை அதற்கு அப்புறம்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது 2015-ல். நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962-லிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுதாக விற்றிருக்கிறது என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஃபுட்பால் விதியே தெரியாமல் போன நான், இரண்டு மாதத்தில் அந்தப் பைத்தியத்தில் மூழ்கிவிட்டேன்.

அந்த வருஷம் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்கு நேரம் சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே, கடைசி நொடியில் தூரத்திலிருந்து வீசிய பந்தைப் பிடித்து பி.ஒய்.யூ. பல்கலைக்கழக அணி 33-28 என்று ஜெயித்தது. நவம்பரில், அதுவரை தோற்காத மிச்சிகன் ஸ்டேட்டை 39-38 என்று வீழ்த்தினோம். ஆனாலும் கடைசி ஆட்டத்தில் அயோவாவிடம் 28-20 என்று தோற்று, 5 வெற்றி 7 தோல்வியோடு முடித்தோம். பவுலுக்குத் தகுதி பெற 12 ஆட்டங்களில் 6 வெற்றி வேண்டும். சீசன் முடிந்தது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். ஆராய்ச்சிக் கூடத்தில் கூட வேலை பார்த்த ஒமாஹா நண்பர் மட்டும், "இரு, நம்ம பசங்க நல்லா படிக்கிறாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். அந்த வருஷம் பவுல் ஆட்டங்களில் இருந்த இடங்கள் 80. ஆறு வெற்றி பெற்ற அணிகள் 77. மூன்று இலை காலி. காலி இலைக்கு 5-7 அணிகளைக் கூப்பிடலாம், ஆனால் வரிசை ஆட்டத்தை வைத்து இல்லை, ஏ.பி.ஆர். என்ற படிப்பு மதிப்பெண்ணை வைத்து. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் படிப்பில் தேறுகிறாரா, கல்லூரியிலேயே தொடர்கிறாரா என்று பார்த்து 1000-க்குப் போடும் மதிப்பெண் அது. 5-7 அணிகளில் அதில் முதலிடம் நெப்ராஸ்காவுக்கு. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பவுலில் யு.சி.எல்.ஏ.வை 37-29 என்று வென்றோம். அதே வழியில் உள்ளே வந்த மினசோட்டாவும் சான் ஹோசே ஸ்டேட்டும் தங்கள் பவுல்களை ஜெயித்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் நான் ஒரு நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுவருகிறேன்.

முதல் பாதி, தகுதிக் கணக்கு. இது சுத்தமான நிகழ்தகவு. மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அணி ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண் வேண்டும். பந்தயச் சந்தை சொல்லும் புள்ளி வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது எளிது. 7 புள்ளி முன்னால் இருப்பதாகச் சொன்னால் ஏறத்தாழ பத்துக்கு ஏழு முறை அந்த அணி ஜெயிக்கும். 3 புள்ளி என்றால் பத்துக்கு ஆறை ஒட்டி. இப்போது 5-5 என்று நிற்கும் ஓர் அணிக்கு மிச்சமிருக்கும் இரண்டு ஆட்டங்களிலும் 40, 35 சதவீதம்தான் வாய்ப்பு என்று வையுங்கள். இரண்டிலும் பலவீனமான பக்கம். ஆனால் இரண்டிலும் தோற்க 0.60 × 0.65, அதாவது 39 சதவீதம். ஆகவே ஆறாவது வெற்றி கிடைக்க 61 சதவீதம். ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்து "இதிலும் தோற்கும், அதிலும் தோற்கும்" என்று எழுதுபவர்கள் வருஷா வருஷம் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அதே கணக்கு என்னை ஒருமுறை கவிழ்த்தும் இருக்கிறது. 2023-ல் நெப்ராஸ்கா 5-3. நான்கு ஆட்டம் பாக்கி, வேண்டியது ஒரே வெற்றி. ஒவ்வொன்றையும் சரிபாதி என்று வைத்தாலும் நான்கிலும் தோற்க 16-ல் ஒரு பங்குதான். 2016-க்குப் பிறகு பவுல் பார்க்காத அணி அது. நண்பர்களுக்கெல்லாம் "இந்த வருஷம் நிச்சயம்" என்று சொன்னேன். மிச்சிகன் ஸ்டேட்டிடம் 20-17, மேரிலாந்திடம் 13-10, விஸ்கான்சினிடம் கூடுதல் நேரத்தில் 24-17, அயோவாவிடம் 13-10. நான்கும் போயிற்று. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது பிழை எங்கே என்று தெரிந்தது. நான்கு ஆட்டங்கள் நான்கு முறை காசு சுண்டுவது போல இல்லை. பந்தைத் தொலைக்கும் பழக்கம் ஓர் அணிக்கு இருந்தால் அது நான்கு ஆட்டத்துக்கும் கூடவே வரும். அணியைப் பற்றிய என் மதிப்பீடு தப்பு என்றால் நான்கு எண்களும் ஒரே பக்கமாகத் தப்பு. அதனால் இப்போதெல்லாம் 94 சதவீதம் என்று கணக்கு சொன்னால் நான் 85 என்று எழுதிக்கொள்கிறேன். அடுத்த வருஷம் 5-1 என்று தொடங்கி 5-5-க்கு இறங்கியபோதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நவம்பர் 23 அன்று விஸ்கான்சினை 44-25 என்று வென்றபோதுதான் மூச்சு விட்டேன்.

தகுதிக் கணக்கில் இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். ஒன்று, கீழ்ப் பிரிவான எஃப்.சி.எஸ். அணிகளை எத்தனை முறை வென்றாலும் ஒரு வெற்றி மட்டும்தான் ஆறில் சேரும். இரண்டாவதாக, கடைசி வாரத்தில் இரண்டு 5-6 அணிகள் ஒன்றோடொன்று மோதினால் யார் ஜெயித்தாலும் தகுதி பெறும் அணி சரியாக ஒன்று. அந்த ஆட்டத்தில் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், மொத்த எண்ணிக்கை மட்டும் முன்பே தெரியும். இடம் மீறுமா, காலியாகுமா என்று பார்க்க அந்த மொத்தம்தான் தேவை. 2023-ல் 82 இடம், தகுதி 79. கீழ்ப் பிரிவிலிருந்து புதிதாக மேலே வந்ததால் பவுலுக்குத் தடை இருந்த ஜேம்ஸ் மேடிசன், ஜாக்சன்வில் ஸ்டேட் ஆகிய கல்லூரி அணிகள் அந்தக் காலி இடங்களால்தான் உள்ளே வந்தன. ஜேம்ஸ் மேடிசன் அப்போது 11-1! மூன்றாவது இடம் படிப்பு மதிப்பெண்ணில் மினசோட்டாவுக்குப் போயிற்று, எங்களைப் போலவே 5-7 ஆக இருந்த மினசோட்டாவுக்கு.

இரண்டாம் பாதி அழைப்பு. நான் அதிகம் விரும்புவதும் அதிகம் தவறுவதும் இதில்தான். தகுதி என்பது வாசல் வரை. உள்ளே உட்காரவைப்பது ஒப்பந்தம். கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் எனும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு பவுலும் சில கான்ஃபரன்ஸ்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும்: இன்னாரிடமிருந்து ஓர் அணி, அன்னாரிடமிருந்து ஓர் அணி. எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸைப் பாருங்கள். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனவை போக, சிட்ரஸ் பவுல் முதலில் எடுக்கும். அதன் பிறகு ஒரு கூட்டம் பவுல்கள். அவற்றில் எந்த அணி எங்கே என்று பவுல்களையும் கல்லூரிகளையும் கேட்டுக் கான்ஃபரன்ஸே பிரித்துத் தருகிறது. அங்கே 8-4 அணிக்கு மேலே 7-5 அணிக்கு நல்ல ஊர் கிடைப்பது சாதாரணம். முடிந்தவரை, போன வருஷம் போன ஊருக்கே மறுபடி அனுப்ப மாட்டார்கள், அந்த சீசனில் ஏற்கெனவே மோதிய இரு அணிகளை மறுபடி மோதவிட மாட்டார்கள். தூரம், விமான டிக்கெட், எத்தனை ரசிகர்கள் விடுதி எடுத்துத் தங்குவார்கள் என்பதெல்லாம் எடைபோடப்படும். ஆயிரம் மைல் தாண்டியும் திரண்டு வரும் அயோவா, நெப்ராஸ்கா போன்ற கூட்டத்துக்கு பவுல் நடத்துபவர்களிடம் தனி மதிப்பு.

மேலே யார் போகிறார்கள் என்பது கீழே இருப்பவரின் இலையை மாற்றும். 2024-ல் பிக் டென் கான்ஃபரன்ஸிலிருந்து ஓரிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், இண்டியானா என்று நான்கு அணிகள் பிளேஆஃபுக்குப் போனதால்தான் இல்லினாய்க்கு சிட்ரஸ் பவுல் கிடைத்தது. அதே வருஷம் 6-6 ஆக இருந்த யு.எஸ்.சி. பிக் டென்னில் இருந்தபடியே தன் பழைய கான்ஃபரன்ஸான பேக்-12-ன் ஒப்பந்தத்தின் கீழ் லாஸ் வேகஸுக்குப் போனது. பேக்-12 சிதறிய பிறகும் அதன் பவுல் ஒப்பந்தங்கள் 2025 சீசன் வரை உயிரோடு இருந்தன. அணிகளை இன்றைய கான்ஃபரன்ஸை வைத்துப் பிரித்தவர்கள் பிரிந்துபோன பத்து அணிகளில் பவுலுக்கு வந்தவற்றைத் தப்பான இலையில் உட்காரவைத்தார்கள். நானும் 2024-ல் அதைச் செய்தேன்.

அழைப்பு எவ்வளவு மனிதத்தனமானது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது லூசியானா டெக் கல்லூரியின் கதை. 2012-ல் அவர்கள் 9-3. பக்கத்து ஊரான ஷ்ரீவ்போர்ட்டின் இண்டிபெண்டன்ஸ் பவுல் கூப்பிட்டது. இன்னும் நல்ல அழைப்பு வருமோ என்று அவர்கள் கொஞ்சம் அவகாசம் கேட்டார்கள். பவுல் காத்திருக்கவில்லை, ஒஹாயோ பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டுவிட்டது. மற்ற கதவுகளும் அடைபட, ஒன்பது வெற்றி பெற்ற அணி வீட்டில் உட்கார்ந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024-ல், அதே கல்லூரி 5-7. அந்த வருஷம் இண்டிபெண்டன்ஸ் பவுலில் ஆட வேண்டியிருந்த மார்ஷல் அணியின் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போக, ஆட்டக்காரர்கள் கொத்தாக, வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குள் போக, ஆள் போதாமல் அந்த அணி விலகிக்கொண்டது. அந்த இலையில் உட்கார்ந்தது லூசியானா டெக். ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியிடம் 27-6 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம். 9-3-க்குக் கிடைக்காதது 5-7-க்குக் கிடைத்தது. வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு வருஷமும் நீங்கள் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள்.

பிளேஆஃபைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். 13 பேர் கொண்ட குழு டெக்சஸின் கிரேப்வைன் நகரில் கூடி வரிசை போடுகிறது. 2024, 2025 சீசன்களில் 12 அணிகள்: வரிசையில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள், மிச்சம் ஏழு. 2023-ல், நான்கு அணிகள் மட்டும் இருந்த காலத்தில், 13-0 ஃப்ளோரிடா ஸ்டேட்டை வெளியே விட்டார்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் உடைந்தபின் இது பழைய அணி இல்லை என்று குழு நினைத்தது. ஒரு ஆட்டமும் தோற்காத பையன்களுக்குச் செய்த அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கணிப்பவனாகப் பார்த்தால், குழு வாராவாரம் வெளியிடும் வரிசை ஒரு முன்னறிவிப்புதானே தவிர வாக்குறுதி இல்லை. 2025-ல் நோட்ர டேம் பல வாரம் மயாமிக்கு மேலே இருந்தது. கடைசிப் பட்டியலில் ஆகஸ்டில் நோட்ர டேமை 27-24 என்று வென்றிருந்ததன் பேரில் மயாமி மேலே போயிற்று, நோட்ர டேம் வெளியே நின்றது.

அதற்குப் பின் நடந்ததுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் புதுத் தலைவலி. நோட்ர டேம் எந்தப் பவுலும் வேண்டாம் என்றது. பயிற்சியாளர் மாற்றத்தில் இருந்த அயோவா ஸ்டேட்டும் கான்சஸ் ஸ்டேட்டும் மறுத்தன, அவற்றின் கான்ஃபரன்ஸான பிக் 12 இரண்டுக்கும் தலா 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. காலி இடத்துக்கு 5-7 அணிகளைக் கேட்டால் அவற்றிலும் பல வேண்டாம் என்றன. மிசிசிப்பி ஸ்டேட்டும் ரைஸும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வந்தன. 2015-ல் எங்கள் ஊரில் அந்த அழைப்பு வந்த நாள் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். மறுப்பது என்ற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. இப்போது என் நோட்டில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறேன்: பயிற்சியாளர் போகிறாரா, எத்தனை பேர் போர்ட்டலில், மனம் புண்பட்டிருக்கிறார்களா.

நீங்களே செய்து பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் மூன்றாம் வாரம் தொடங்குங்கள். அதற்கு முன் செய்வதில் உழைப்புதான் வீண். ஒரு தாளில் பவுல்களையும் ஒப்பந்தங்களையும் எழுதுங்கள், இன்னொன்றில் 4, 5 வெற்றியில் நிற்கும் அணிகளை மட்டும். ஆறைத் தாண்டியவற்றில் நேரம் செலவிடாதீர்கள், அவை எங்கே போகும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 5-7-ல் முடியக்கூடியவற்றின் ஏ.பி.ஆர். மதிப்பெண்ணைப் பக்கத்தில் குறித்து வையுங்கள், அது முன்பே வெளியாகியிருக்கும். கடைசி சனிக்கிழமை ஹவாயில் ஆட்டம் இருந்தால் அது முடியும்போது லிங்கனில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்த ஆட்டம் முடியும்வரை மொத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள்.