எதிரியின் மேசையில் திறக்கப்படும் கருவி

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாக இணையச் செயலிகளில் ஊடுருவல் சோதனை, அதாவது உரிமையாளரின் அனுமதியோடு தாக்கிப் பார்த்துக் குறைகளைக் கண்டறியும் வேலை, செய்துவருகிறேன். ராணுவத் தகவல்தொடர்புக் கருவிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தயாரிப்புப் பாதுகாப்புப் பொறியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. நீங்கள் அத்துறையில் நெடுங்காலம் இருந்தவர். நான் கற்றது அங்கே பயன்படுமா? செய்ததை வெளியே சொல்ல முடியாத வேலையில் ஒருவர் எப்படி வளர்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தமிழில் இந்த வேலையின் பெயரே சற்றுக் குழப்பக்கூடியது. நாட்டைக் காப்பதும் பாதுகாப்பு, மென்பொருளைக் காப்பதும் பாதுகாப்பு. ஆகவே முன்னதைப் படைத்துறை என்றே குறிப்பிடுகிறேன்.

நீங்கள் கற்றது பயன்படும். ஆனால் உங்களுக்குப் பழகிப்போன ஒரு வசதி அங்கே கிடையாது. இணையச் செயலியின் சர்வர் உங்கள் வசம் இருக்கிறது. மாலையில் தெரிந்த குறையை இரவுக்குள் திருத்திவிடலாம். படைத்துறைக் கருவியோ உங்கள் கையைவிட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒரு சிறு திருத்தம்கூட மறுசோதனையும் ஒப்புதலும் பெற்றுக் களத்துக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். களத்தில் கைவிடப்பட்ட ஒரு கருவியை எதிரியின் ஆய்வகத்தில், நல்ல வெளிச்சத்தில், எந்த அவசரமும் இல்லாத ஒருவர் திறந்து பார்ப்பார். அந்த மேசையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் வடிவமைப்பு வரைபடத்தைப் படிக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு சர்க்யூட் பலகையின் ஓரத்தில் ஐந்து சிறிய தங்கநிறப் புள்ளிகளைப் பார்த்தேன். தொழிற்சாலையில் பழுது பார்ப்பதற்காக விடப்பட்ட டீபக் இணைப்பு அது. அங்கே ஊசிமுனைகளை வைத்தால், கருவியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் முழுவதையும் படித்தெடுக்கலாம். அதை மூடச் சொன்னபோது, திரும்பிவரும் கருவிகளை எதைக் கொண்டு சோதிப்பது என்று பழுதுபார்ப்புப் பிரிவினர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கருவிக்கென்றே உருவான சாவியால், அதாவது ஒரு ரகசிய எண்ணால், கையொப்பமிட்ட ஆணை வந்தால் மட்டுமே இணைப்பு திறக்கும், திறக்கும் முன், செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத்துக்காக உள்ளிருக்கும் ரகசியச் சாவிகள் அழிந்துவிடும் என்ற ஏற்பாட்டுக்கு வந்து சேர ஏழு கூட்டங்கள் ஆயின. இந்த வேலையின் பெரும்பகுதி இத்தகைய கூட்டங்களே. தாக்குதல் செய்துகாட்டும் இன்பம் எப்போதாவது கிடைக்கும்.

இணையத்தில் சரியானது களத்தில் தவறாகவும் போகலாம். கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக இட்டால் பூட்டிக்கொள்ளும் கருவி, இருட்டில் கையுறையோடு தடுமாறும் சிப்பாயை அவருடைய படையிலிருந்தே துண்டித்துவிடும். சாவிகளை அழிக்கும் பொத்தான் எளிதில் அழுந்தினால் பையில் உரசியே கருவி செத்துப்போகும். கடினமாக இருந்தால் பிடிபடும் நேரத்தில் உதவாது. அந்தப் பொத்தானின் மேல்மூடிக்காக நான் எழுதிய பக்கங்கள், குறியாக்க முறைக்காக எழுதியவற்றைவிட அதிகம்.

பழைய மரபுகளோடும் வாழப் பழக வேண்டும். போர் விமானங்களின் உட்கருவிகளை இணைக்கும் முறையை வகுத்த 1553 என்ற அமெரிக்க ராணுவத் தரவிதி 1973-இல் வெளியானது. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகம் கொண்ட அந்த இணைப்பில், கட்டளை அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் வழியே இல்லை. கம்பியைத் தொடக்கூடியவர் நம்மவராகத்தான் இருப்பார் என்பது அன்றைய கணக்கு. அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது; அதை மாற்ற முடியாத நிலையில், அதனோடு சேரும் புதிய கருவிகளைச் சந்தேகிக்கும் வேலை உங்களுக்கு வரும். எதிரிக்குத் தெரியாது, எட்டாது என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2009-இல் வெளியான செய்தி காட்டியது: ஈராக்கில் அமெரிக்க ஆளில்லா விமானங்கள் குறியாக்கமின்றி அனுப்பிய காணொளியை, 26 டாலர் மென்பொருளைக் கொண்டு போராளிகள் பிடித்துப் பார்த்திருந்தார்கள்.

வெளியே சொல்ல முடியாமை உண்மையான இழப்பு. மாநாட்டு உரை கிடையாது, காட்டுவதற்குக் கட்டுரை கிடையாது. உங்கள் வளர்ச்சியை அறிந்தவர்கள் உடன் இருக்கும் பத்துப் பேர் மட்டுமே. ஆகவே சம்பளத்தைவிட அந்தப் பத்துப் பேர் யார் என்பதை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் ஆயுத அமைப்புகளைப் பற்றி 2018 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு சோதனைக் குழு நிர்வாகியின் கடவுச்சொல்லை ஒன்பதே நொடிகளில் ஊகித்ததைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். என்னை உறுத்தியது வேறு: ஓர் அமைப்பில் முன்பே கண்டறியப்பட்ட 20 குறைகளில் ஒன்று மட்டுமே சரிசெய்யப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவர் தம் வேலையைச் செய்திருந்தார். அறிக்கை எங்கோ கோப்பில் கிடந்தது. அதனால் நேர்காணலின் முடிவில் இதைக் கேளுங்கள்: நான் பதிவு செய்யும் குறையைச் சரிசெய்யாமலே கருவியை அனுப்பலாம் என்று கையெழுத்திடுபவர் யார்? ஒரு பதவியைச் சொன்னால் சேருங்கள். குழுவாகப் பேசி முடிவெடுப்போம் என்றால், இன்னும் சில நாள் யோசியுங்கள்.