படுத்துக்கிடக்க ஒரு வகுப்பு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டிவலியும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பிறகு தூக்கம் கிடையாது. பெங்களூரில் இருக்கும் மகள் ஆன்லைனில் ஒரு யோகா வகுப்பில் சேர்த்துவிட்டாள். ‘ரெஸ்டோரேட்டிவ் யோகா’ என்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு நாலே நாலு ஆசனம். எல்லாமே தலையணை, போர்வையை அண்டக் கொடுத்துப் படுத்தோ சாய்ந்தோ செய்வது. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கடைசியில் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, தூக்கமும் பரவாயில்லை. ஆனால் என் கணவர், “படுத்துக் கெடக்கறதுக்கு ஒரு வாத்தியாரு, அதுக்கு ஃபீஸு வேற” என்று சிரிக்கிறார். நல்ல மனிதர்தான், கிண்டலாகச் சொல்வார். தினமும் சூரிய நமஸ்காரம் செய்யும் என் கொழுந்தனார், “இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சது, வேர்த்தாத்தான் யோகா” என்கிறார்.

எனக்கும் கூச்சமாக இருக்கிறது. காலிங் பெல் அடித்தால் சட்டென்று எழுந்து, தலையணைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். இது உண்மையில் யோகாதானா? பலன் உண்டா? எடை குறையுமா? இதற்கென்று விற்கும் மேட், போல்ஸ்டர் என்கிற உருட்டுத் தலையணை எல்லாம் வாங்க வேண்டுமா? இந்தத் தலைமுறைக்கு இப்படிக் கூச்சமெல்லாம் இல்லை. ஈரோட்டுக்கு வேலைக்குப் போகும் என் மருமகள், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டு நாலு மணிக்குத்தான் எழுந்து வருகிறாள். ‘சும்மா இரு’ என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தானோ என்றும் தோன்றுகிறது.

எம்.
கோபி

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் ஜூன் கடைசியில் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் எங்கள் தெருமுனைப் பள்ளி மைதானத்தில் யோகா தினம் கொண்டாடினார்கள். வெள்ளை டீ-ஷர்ட்டில் பிள்ளைகள் வரிசைகட்டி நின்றார்கள். மைக்கில் ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண்ண, எல்லாம் அமர்க்களமாகப் போனது. முடிவில், “எல்லாரும் படுங்க, சாந்தியாசனம்” என்றார். படுத்த பிள்ளைகளுக்கு மூச்சுகூட அடங்கியிருக்காது, அதே மைக்கில், “சிறப்பு விருந்தினர் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுங்க.” 2015இல் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் சேர்ந்து செய்து கின்னஸில் இடம்பிடித்த நாள் முதல், யோகா தினம் என்றால் எண்ணிக்கையும் வரிசையும் புகைப்படமும் என்று ஆகிவிட்டது. படுத்துக்கிடக்கும் கூட்டத்தைப் படம் எடுத்து என்ன செய்வது? நேரம் போதவில்லை என்றால் எப்போதும் அந்தப் பகுதியைத்தான் வெட்டுகிறார்கள். ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எழுதினீர்கள்.

உங்கள் கொழுந்தனாரை முதலில் முடித்துவிடுகிறேன். ஹட யோகப் பிரதீபிகை 15ஆம் நூற்றாண்டு நூல். முதல் அத்தியாயத்திலேயே சவாசனம் வந்துவிடுகிறது. தரையில் பிணம்போல் மல்லாந்து படுக்கவும், களைப்பு போகும், சித்தம் ஓய்வு கொள்ளும் என்கிறது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியதே மூன்று சூத்திரம்தான். முதலாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சுகம் எப்படி வரும் என்பதற்கு அடுத்த சூத்திரம் கொடுக்கும் வழி, முயற்சியைத் தளர்த்துவது. வேர்வையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபியில் இருந்துகொண்டு இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்கிறாரே, அந்தப் பக்கமெல்லாம் மனவளக்கலை மன்றங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால்பயிற்சி எல்லாம் முடித்துக் கடைசியில் என்ன செய்யச் சொல்கிறார்கள்? உடலைத் தளர்த்திப் படுக்கத்தான்.

கொழுந்தனாரிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் வேகமான யோகத்தில் பெரும்பகுதி 1930களின் மைசூரிலிருந்து கிளம்பியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் டி. கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலை அது. எதிரே இருந்தவர்கள் இளவட்டப் பையன்கள். விருந்தாளிகள் முன்னால் செய்துகாட்டவும் வேண்டும். தாவுவதும் வளைப்பதும் அங்கே பொருந்தின. அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் அந்த வேகத்தை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் கிருஷ்ணமாச்சாரியாரின் கதை மைசூரோடு முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் மதராஸுக்கு வந்தார். இங்கே அவரைத் தேடி வந்தவர்களில் வயதானவர்களும் நோயாளிகளும் உண்டு. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, நாடி பார்த்து, அவரவர் மூச்சு எவ்வளவு நீளுமோ அந்த அளவுக்கே அசைவை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1989இல் நூறு வயதில் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரம் இந்த இரண்டாவது கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்து வந்தது. ஒரே ஆசிரியர்தான். முன்னால் இருந்த உடம்பு மாறியது, பாடமும் மாறியது. 54 வயது முட்டியை வைத்துக்கொண்டு 14 வயதுப் பையனுக்கான பாடத்தைச் செய்யவில்லையே என்று நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

உங்கள் தலையணைகளுக்கும் வம்சாவளி உண்டு. கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனரான பி. கே. எஸ். ஐயங்கார் சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லாவற்றிலும் அடிபட்டவர். உடம்பு வளையாதவர்களின் கஷ்டம் அவருக்குத் தெரியும். பூனாவில் அவர் போர்வை, பட்டை, மரக்கட்டை, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் உடம்புக்குத் தாங்கலாகக் கொடுத்தார். அவரிடம் கற்ற அமெரிக்கப் பெண்மணி ஜூடித் லாசட்டர் 1995இல் அந்தத் தாங்கல்களை வைத்து ஓய்வு யோகத்துக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். பூனாவிலிருந்து கலிஃபோர்னியா போய், பெங்களூர் வழியாக கோபிக்கு வந்திருக்கிறது. பெயர் மட்டும்தான் ஆங்கிலம்.

எடை குறையாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ‘சும்மா இரு’வையும் விட்டுவிடுங்கள். அருணகிரிநாதர் கேட்ட உபதேசத்தை முட்டிவலிக்குத் தைலமாகத் தேய்க்க வேண்டாம். போல்ஸ்டர் வாங்காதீர்கள். பவானி ஜமக்காளத்தைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு மேட் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்! இரண்டு ஜமக்காளத்தை மடித்தால் மேட் ஆயிற்று. இன்னொன்றைப் பாயோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்தால் போல்ஸ்டரும் ஆயிற்று. முட்டி லேசாக மடங்கினால் கீழ்முதுகு தரையில் அமர்ந்துவிடும். மேலே ஒரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். அசையாமல் கிடக்கும்போது உடம்பு குளிர்ந்துபோகும், குளிரும் உடம்பு இறுகிக்கொள்ளும்.

பலன் உண்டா என்று கேட்டீர்கள், உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு பார்க்கிற வேலை அது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அது ஆறு வாக்கில் இறங்கும்போது, ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் உடம்பின் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. 2001இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவரோடு இருந்தவர்களும் சிலரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்கே வந்து நின்றது. நம் ஊரில் இன்னும் பழைய ஆய்வு உண்டு. பம்பாய் இதய மருத்துவர் கே. கே. தாத்தே, ரத்த அழுத்தம் உள்ள 47 பேருக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்துப் பார்த்து 1969இல் எழுதினார். பலருக்கு அழுத்தம் குறைந்தது, சிலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. குறைத்தது டாக்டர், கவனியுங்கள். நீங்களாக நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும்.

இனி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தக் காலிங் பெல்தான் என் காதில் அடித்துக்கொண்டிருக்கிறது.

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலி இருந்தது. காடாத் துணி, நீட்டிக்கொள்ளக் கூடிய கைகள், அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வார். முட்டி மடங்கியிருக்கும், முதுகு முழுக்கத் தாங்கலில், முகத்தின்மேல் செய்தித்தாள். ஜூடித் லாசட்டர் பார்த்திருந்தால் புத்தகத்தில் படம் போட்டிருப்பார். “அப்பா அசந்துட்டார், சத்தம் போடாதீங்க” என்று அம்மா எங்களைக் கொல்லைக்குத் துரத்துவாள். அம்மாவுக்கும் மதியம் ஓய்வு உண்டு. சமையலறை வாசலில் வெறுந்தரையில், கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுப்பாள். வாசல் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், வருவது யார் என்று தெரிவதற்குள் முறத்தை மடியில் இழுத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். வந்தவர் பால்காரராக இருந்தாலும் அப்படித்தான். அந்த அரிசி காலையிலேயே பொறுக்கி வைத்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

அதிகாரம் பண்ணுகிற மாமியாரும் அந்த வீட்டில் இல்லை, பாட்டி எப்போதோ போய்விட்டாள். அப்பாவும் ஒரு வார்த்தை சொன்னவரில்லை. யாரும் திட்டாமலேயே எழுந்துகொண்ட உடம்பு அது. தூங்கும்போதும் காதை வாசலில் வைத்திருக்கும் உடம்புக்கு எந்த ஆசனம் என்ன ஓய்வைக் கொடுத்துவிடும்? ஜமக்காளம், போர்வை, மெல்லிய குரலில் பேசும் ஆசிரியை எல்லாம் இருந்தும் பெல் அடித்ததும் தலையணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறீர்கள் என்றால், படுத்திருந்த நேரம் முழுக்க உங்களில் ஒரு பாதி எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவதும் அந்தப் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவம் அப்படிச் சொல்கிறதா என்று கேட்காதீர்கள், இது நான் சொல்வது.

மத்திய அரசு 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். வீட்டுவேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. கணக்கு டீச்சர் நீங்கள், கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்திலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டதற்கா ஒளிகிறீர்கள்? ‘நல்ல மனிதர்தான்’ என்று கணவருக்கு ஒரு சான்றிதழ் வேறு. அவர் கெட்டவர் என்று நான் எங்கே சொன்னேன்? நல்ல மனிதர் என்றால் பெல் அடிக்கும்போது அவரே போய்த் திறக்கலாமே. தலையணையைத் தள்ளுவதை நாளையிலிருந்து நிறுத்துங்கள். வந்தவர் யாராக இருந்தாலும் பார்க்கட்டும். “என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள், பெண் பகலில் படுத்திருக்க நம் ஊரில் அனுமதிக்கப்பட்ட ஒரே காரணம் அதுதான். “நல்லாத்தான் இருக்கேன், படுத்திருந்தேன்” என்று சொல்லுங்கள். தலைவலி, காலையிலிருந்து வேலை என்று எதையும் கூடச் சேர்க்கக் கூடாது. முதல் முறை நாக்கு புரளாது. உங்கள் வகுப்பில் ஐந்தாவது ஆசனமாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது உங்கள்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. மருமகளைப் பற்றிய அந்த ஒற்றை வரிக்கு மறுபடியும் போனதும் அது போய்விட்டது. ஆறு நாள் ஈரோட்டுக்கு பஸ்ஸில் போய்வருகிற பெண் ஏழாம் நாள் மதியம் படுக்கிறாள். ஃபீஸ் கட்டாமல், ஆங்கிலப் பெயர் இல்லாமல், நீங்கள் செய்வதையே செய்கிறாள். அவள் எழுந்து வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் காவல் இருப்பது யார், எம்.? கணவர் சிரிக்கத்தான் செய்கிறார். மணி பார்ப்பது நீங்கள். அவளுக்கு நாளை முட்டி வலிக்கும்போது அவளும் தன் தலையணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பமா? இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் படுக்கப் போகும்போது உங்கள் ஜமக்காளங்களில் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். முட்டிக்கு அடியில் எப்படிச் சுருட்டி வைப்பது என்று சொல்லிக்கொடுங்கள், டீச்சர்தானே.

சுவரில் காலைத் தூக்கி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முன் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்ணில் அழுத்தம் இருந்தால் அது உங்களுக்கு ஆகாது, கீழேயே படுத்து முட்டிக்கு அடியில் தாங்கல் வைத்துக்கொண்டால் போதும். முடித்து எழும்போது நேராக நிமிராதீர்கள். வலது பக்கம் ஒருக்களித்து, கொஞ்ச நேரம் கிடந்து, கையை ஊன்றி எழுங்கள். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, திடீரென்று எழுந்தால் தலை சுற்றலாம்.

அன்புடன்,
அக்கா