ஆர்.டி.பி. எங்கே போனது?

கேள்வி: நான் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். லேபில் மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவின் 16எஸ் (ரைபோசோமல் ஆர்.என்.ஏ.) வரிசையைக் கணினியில் கொடுத்தால் பெயர் வந்துவிடுகிறது. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாம் 'ஆர்.டி.பி.யில் ஒப்பிட்டோம்' என்று இருக்கிறது, ஆனால் அந்தத் தளத்தைத் தேடினால் திறக்கவே இல்லை. அது என்ன? ஜென்பேங்க் என்ற பொது மரபணுக் களஞ்சியம் இருக்கும்போது தனியாக இன்னொன்று எதற்கு?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ரைபோசோமல் டேட்டாபேஸ் புராஜெக்ட் என்பதுதான் ஆர்.டி.பி. அதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கார்ல் வூஸிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவில், அர்பானாவிலுள்ள இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். எல்லா உயிரிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு, அதன் ஆர்.என்.ஏ. மிக மெதுவாகத்தான் மாறும், அதை ஒப்பிட்டால் எது எதற்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அன்றைக்கு முழு வரிசையையும் சுலபமாகப் படிக்க வழியில்லை. அதனால் பாக்டீரியாவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து வளர்த்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் நான்கு வேதி எழுத்துகளில் 'ஜி' வரும் இடத்திலெல்லாம் வெட்டுகிற டி1 நொதியால் துண்டாக்கி, அந்தத் துண்டுகள் எக்ஸ்ரே ஃபிலிமில் விழுத்திய கரும்புள்ளிகளை லைட் பாக்ஸில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். இப்படியே பல வருடங்கள். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு துண்டுப் பட்டியல் சேர்ந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் முதல் தரவுத்தளம் அந்தப் பட்டியல்கள்தான்.

அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுல்ஃப் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றின் பட்டியலைப் பார்த்தால் எந்த பாக்டீரியாவோடும் ஒட்டவில்லை. 1977இல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இது தனிப் பிரிவு என்று அறிவித்தார்கள், அந்தச் செய்தி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. இன்று நாம் ஆர்க்கியா என்று படிப்பது அதைத்தான்.

சரி, ஜென்பேங்க். 1982 டிசம்பரில் வந்த அதன் வெளியீட்டில் 606 வரிசைகள், மொத்தம் 6,80,338 எழுத்துகள். எந்த உயிரின் எந்த மரபணுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பொதுக் களஞ்சியம் அது, அனுப்புகிறவர் என்ன பெயர் போடுகிறாரோ பெரும்பாலும் அதுவே நிற்கும். உறவு பார்க்க அது போதாது. ஒரு பாக்டீரியாவின் 500ஆவது எழுத்தை இன்னொன்றின் எந்த எழுத்தோடு வைத்துப் பார்ப்பது? நடுவே இரண்டு எழுத்து கூடியிருக்கும், மூன்று குறைந்திருக்கும். ஈ. கோலையின் 16எஸ் 1,542 எழுத்து, வேறொன்றில் நீளமே வேறு. இங்கேதான் ஆர்.என்.ஏ.வின் வடிவம் கைகொடுக்கிறது. அது தன்மேலேயே மடிந்து, ஜிப் பூட்டியது போல இரண்டு பக்கமும் ஜோடி சேர்ந்து நிற்கும், ஒரு பக்கம் எழுத்து மாறினால் எதிர்ப்பக்கமும் அதற்கேற்ப மாறியிருக்கும். அந்த ஜோடிகளைப் பிடித்துக்கொண்டுதான் வரிசைகளை நேருக்கு நேர் அடுக்க முடியும். பொறுமையும் கூர்ந்த கண்ணும் விஷயம் தெரிந்த ஆளும் வேண்டிய வேலை இது.

1990களின் தொடக்கத்தில் கேரி ஓல்சன், நீல்ஸ் லார்சன், ராஸ் ஓவர்பீக், வூஸ் ஆகியோர் இந்த வேலையை ஆர்.டி.பி. என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் கணினி ஒன்றுக்கு உங்கள் வரிசையை மின்னஞ்சலில் அனுப்பினால் பதிலும் மின்னஞ்சலிலேயே வரும்! மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரின்போது இரண்டு உயிர்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு இல்லாத ஒரு பாக்டீரியாவை உண்டாக்கிவிடும் அல்லவா, அந்தக் கைமேராவைச் சோதிக்கவும் ஒரு நிரல் வைத்திருந்தார்கள். பிறகு அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் திட்டம் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது, ஜேம்ஸ் டீட்ஜி, ஜேம்ஸ் கோல் ஆகியோர் எடுத்து நடத்தினார்கள். 2007இல் வந்த ஆர்.டி.பி. கிளாசிஃபையர்தான் உங்கள் சீனியர்கள் அத்தனை பேரும் பயன்படுத்தியது. வரிசையை எட்டெட்டு எழுத்துச் சொற்களாக வெட்டி, அந்தச் சொற்கள் எந்தப் பேரினத்தில் அதிகம் என்று கணக்குப் பார்க்கும். 2016 செப்டம்பரில் வந்த 11.5 வெளியீட்டில் 33,56,809 பாக்டீரியா, ஆர்க்கியா வரிசைகள் இருந்தன. அதன்பின் பெரிய வெளியீடு இல்லை, தளமும் நீங்கள் சொன்னதுபோல இப்போது திறப்பதில்லை. ஆனால் கிளாசிஃபையர் சாகவில்லை, 2023இல்கூடப் புதுப்பித்தார்கள், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரை உலகம் கொண்டாடுகிறது, அதை 25 வருடம் அடுக்கி, திருத்தி, பிழை களைந்து வைத்தவர்களின் பெயரை ஒரு பாடப்புத்தகமும் சொல்வதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

கேள்வி: ஒரே வரிசைக்கு ஒவ்வொரு தளமும் வேறு பெயர் தருகிறதே, எதை நம்புவது?
– ஓர் ஆய்வு மாணவர், மதுரை

பதில்: ஒவ்வொன்றும் தனித்தனி வகைப்பாட்டைப் பின்பற்றுவதால் வரும் குழப்பம் இது. ஆர்.டி.பி. போன்ற தரவுத்தளமான சில்வா 2007 முதல் ஜெர்மனியிலிருந்து வருகிறது, நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, என் சாய்வு அந்தப் பக்கம்தான். கிரீன்ஜீன்ஸ் என்ற இன்னொன்று 2006இல் வந்தது, 2013 வெளியீட்டுக்குப் பிறகு பல வருடம் அசையாமல் கிடந்தது. அந்தப் பழைய பதிப்பை இன்னமும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அதற்குப் பின் எத்தனையோ பெயர்கள் மாறிவிட்டன. கிரீன்ஜீன்ஸ்2 வந்துவிட்டது, அதற்கு மாறுங்கள்.

இனப்பெயர் வரை அடித்துச் சொல்ல 16எஸ்ஸை மட்டும் நம்பவும் கூடாது. பேரினப் பெயரே வேறான ஈ. கோலையும் ஷிகெல்லாவும்கூட அதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொதுவாகப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் முழு மரபணுத்தொகுதியைப் படிக்க வேண்டும். அப்புறம், ஆய்வேட்டில் தரவுத்தளத்தின் பெயரோடு வெளியீட்டு எண்ணையும் எழுதுங்கள். கிளாசிஃபையர் என்றால் எத்தனை சதவீத நம்பிக்கை அளவை வைத்தீர்கள் என்பதையும் சேருங்கள், பலரும் 80 வைப்பார்கள்.