எந்த வாய்க்காலின் 12ஆம் காணி?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் போகப் பதிவுக் கொப்பியைக் கணினிக்கு மாற்ற, ஜாங்கோ என்ற பைதன் வலைக் கட்டமைப்பில் ஒரு செயலி செய்கிறேன். காணி இலக்கத்துக்கு யுனிக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்ற விதி) போட்டேன். அடுத்த வாய்க்காலின் 12ஆம் காணியைச் சேர்க்க விடவில்லை. யுனிக்கை எடுத்தேன், ஒரே காணி ஒரே சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்துச் செய்கை) இரண்டு தடவை பதிவாகிவிட்டது. பிறகு காணியையும் போகத்தையும் சேர்த்து யுனிக் ஆக்கினேன். இப்போது இரட்டைப் பதிவு வந்தால் படிவம் ஒன்றும் சொல்வதில்லை, சேர்வருக்குள் பிழை என்று காட்டும் 500 பிழைப் பக்கம்தான் வருகிறது. எங்கே பிழை விட்டேன்?

பதில்: காணி இலக்கத்துக்கு மட்டும் யுனிக் போட்டபோது, 12ஆம் காணி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று தரவுத்தளத்துக்குச் சொல்லிவிட்டீர்கள். வயலில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 12 என்றால் உடனே "எந்த வாய்க்கால்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அப்படியே மொடலில் (அட்டவணையை விவரிக்கும் கோட்) எழுதுங்கள்: காணி அட்டவணையில் வாய்க்காலுக்கு ஒரு ஃபோரின் கீ (இன்னோர் அட்டவணையின் வரியைக் காட்டும் இணைப்பு), அதோடு வாய்க்காலும் இலக்கமும் சேர்ந்த ஒரு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (தரவுத்தள விதி). இந்த வசதி ஜாங்கோ 2.2 முதல் இருக்கிறது. பழைய பாடங்களில் இதே வேலைக்குக் காணும் யுனிக் டுகெதரை இனிப் புதிதாக எழுத வேண்டாம்.

காணியையும் போகத்தையும் சேர்த்து யுனிக் ஆக்கியதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. காலபோகத்துக்கு (மழைக்காலச் செய்கை) அது சரியாக இருக்கலாம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது என்றால், ஒரு பகுதியை மட்டும் விதைத்து அதையே பலர் பங்கிட்டுக்கொள்வது உண்டு. அப்போது ஒரே காணியில் ஒரே போகத்தில் இரண்டு மூன்று பேர் நியாயமாகவே இருப்பார்கள். உங்கள் அமைப்பிலும் அந்த வழக்கம் இருந்தால், காணி, போகம், செய்கையாளர் மூன்றும் சேர்ந்ததுதான் இரண்டு தடவை வரக்கூடாதது. பங்குகளின் ஏக்கர் கூட்டுத்தொகை காணியின் அளவைத் தாண்டக்கூடாது என்பதை யுனிக்கால் சொல்ல முடியாது. அதற்குத் தனியாக ஒரு சோதனை எழுத வேண்டும். கோட் எழுத முன் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் செயலாளரோடு ஒரு மணித்தியாலம் இருங்கள். எது இரண்டு தடவை வரலாம், எது வரக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

செய்கையாளரைக் காணி அட்டவணையில் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பேர்மிட் (காணி அனுமதிப் பத்திரம்) ஒருவர் பெயரில் இருக்கும், அவர் வெளிநாட்டில் இருப்பார், இந்தப் போகம் விதைப்பவர் குத்தகைக்காரர். பேர்மிட்காரர் காணியோடு சேர்ந்தவர். செய்கையாளர் போகப் பதிவோடு சேர்ந்தவர். இரண்டு ஃபோரின் கீயும் ஒரே கமக்காரர் அட்டவணையைத்தான் காட்டும். நீக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் கஸ்கேட் (தொடர்புள்ள வரிகளையும் சேர்த்து அழிப்பது) வேண்டாம், புரொடெக்ட் (அழிக்க விடாமல் தடுப்பது) போடுங்கள். ஒரு பெயரை அழித்தால் அவருடைய பழைய போகங்கள் எல்லாம் சேர்ந்து அழிவது பெரிய இழப்பு.

சரி, 500 பிழைக்கு வருவோம். நடப்புப் போகத்தைப் பயனரிடம் கேட்காமல், கோரிக்கையைக் கையாளும் கோட் ஆன வியூவிலேயே நிரப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். மொடல் ஃபோர்ம் (மொடலிலிருந்து உருவாகும் படிவம்) தன்னிடம் இல்லாத ஃபீல்டைச் சோதனையிலிருந்து விலக்கிவிடும். ஒரு யுனிக் விதியில் உள்ள ஃபீல்டுகளில் ஒன்று விலக்கப்பட்டாலும் அந்த விதி முழுவதையும் அது பார்க்காது. வியூவில் முன்கூட்டியே போகத்தை வைத்தாலும் அப்படித்தான். படிவம் சரி என்று சொல்லும், சேவ் போகும், தரவுத்தளம் மறுக்கும், விதி மீறப்பட்டது என்று சொல்லும் இன்டெகிரிட்டி எரர் வரும். அதை யாரும் பிடிக்காததால்தான் 500 பக்கம்.

திருத்துவது கடினம் இல்லை. படிவத்தை உருவாக்கும்போதே போகம் நிரப்பிய பதிவை இன்ஸ்டன்ஸாகக் கொடுங்கள். பிறகு படிவத்தின் கிளீன் முறைக்குள் (உள்ளிட்டதைச் சோதிக்கும் இடம்) அந்தப் போகம், தெரிவான காணி, செய்கையாளர் மூன்றோடும் ஏற்கெனவே பதிவு உண்டா என்று நீங்களே தேடுங்கள். இருந்தால் "இந்தக் காணியில் இவருக்கு இந்தச் சிறுபோகப் பதிவு ஏற்கெனவே உண்டு" என்று தமிழில் சொல்லுங்கள். தேடும்போது தற்போதைய பதிவின் ஐடியை விலக்க மறக்காதீர்கள். மறந்தால் ஏக்கரைத் திருத்த வருகிறவரிடம், அவருடைய சொந்தப் பதிவையே காட்டி இரட்டைப் பதிவு என்று சொல்லிவிடும்.

படிவம் பார்த்துவிட்டதே, தரவுத்தளத்தில் எதற்கு விதி என்று நினைக்க வேண்டாம். சிக்னல் குறைந்த இடத்தில் போனில் பட்டனை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, திரும்ப அழுத்துகிறார். இரண்டு கோரிக்கையும் ஒரே நேரத்தில் வந்து சேருகின்றன. இரண்டும் தேடுகின்றன, இரண்டுக்கும் "பதிவு இல்லை" என்றே பதில், இரண்டும் எழுதுகின்றன. இதைத் தடுக்கக்கூடியது தரவுத்தளத்து யுனிக் மட்டும்தான். ரூபி மொழிக்கான ரெயில்ஸ் கட்டமைப்பிலும் இதே கதைதான். அங்கே மொடலில் எழுதும் யுனிக்னெஸ் சோதனைக்குப் பின்னால் தரவுத்தளத்தில் யுனிக் இண்டெக்ஸும் வேண்டும். ஆகவே சேவ் செய்யும் வரியை ஒரு அட்டோமிக் பிளாக்குக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் முழுதாகத் திரும்பும் பகுதி) வைத்து, இன்டெகிரிட்டி எரரைப் பிடித்து, அதே தமிழ்ச் செய்தியைக் காட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அட்டோமிக் இல்லாமல் பிடித்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் ட்ரான்ஸாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்ந்து நடக்கும் தரவு மாற்றங்களின் தொகுப்பு) முழுவதும் உடைந்துபோகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களுக்குக் கட்டாயம் வரப்போவது, அடையாள அட்டை இலக்கம். 2016 முதல் 12 இலக்கம். அதற்கு முன் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். ஒரே ஆளைக் காலபோகத்தில் பழைய இலக்கத்தோடும் சிறுபோகத்தில் புதிய இலக்கத்தோடும் பதிந்தால், யுனிக்குக்கு அவர் இரண்டு பேர். கற்பனையாக ஓர் இலக்கம் எடுப்போம்: 651230450 என்ற எண்ணோடு வி எழுத்து. முன்னால் 19ஐச் சேர்த்து, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் செருகி, எழுத்தை விட்டால் 196512300450. இந்த மாற்றத்தைச் சோதனைக்கு முன்னாலேயே செய்து, எப்போதும் புதிய வடிவத்தில் மட்டும் சேமியுங்கள்.

அட்டை கொண்டுவராமல் வருகிறவரும் இருப்பார். வெற்றுச் சரமாகச் சேமித்தால், இரண்டாவது ஆள் அட்டை இல்லாமல் வரும்போது யுனிக் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். நல் (மதிப்பே இல்லை என்ற குறி) அனுமதித்தால் அது நேராது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற மூன்று தரவுத்தளங்களிலும் ஒரு நல் இன்னொரு நல்லோடு மோதாது. பெயரை மட்டும் யுனிக் ஆக்க வேண்டாம். ஒரே பெயரில் நாலு பேர் ஓர் ஊரிலேயே இருப்பார்கள்.

வாய்க்கால் பெயரைத் தமிழில் யுனிக் ஆக்கினால் இன்னொரு சங்கடம். "கொ" என்பதைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் ஒரே குறியாகவும் தட்டச்சிடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. பைதனின் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு, இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பின் சேமியுங்கள்.

கடைசியாக, யுனிக் விதியை மாற்றி மைகிரேஷன் (மொடல் மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோகும் படி) ஓட்டும்போது புதிய விதிக்குப் பொருந்தாத பழைய பதிவுகள் இருந்தால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். காணி, போகம், செய்கையாளர் என்று குழுவாக்கி எண்ணி, ஒன்றுக்கு மேல் வருபவற்றை அச்சிட்டு எடுங்கள். ஸ்கிரிப்டால் தானாக அழிக்க வேண்டாம். ஒன்றில் 2 ஏக்கர், மற்றதில் 1 ஏக்கர் என்று இருந்தால் எது சரி என்று அந்தக் கமக்காரரைக் கேட்டுத்தான் அழிக்க வேண்டும். அவருடைய உர மானியமும் தண்ணீர்ப் பங்கும் அந்த வரியில் இருக்கலாம்.