யூனிபார்முக்கு 120, டெண்டா 50

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். மகனுக்கு 17 வயது, ஜூலையில்தான் 18 நிறைகிறது. எஸ்பிஎம் பரீட்சை எழுதிவிட்டு, ஓர் ஏஜெண்டு மூலமாக டவுனில் உள்ள பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் 1,700 வெள்ளி. கறுப்பு சிலுவார், கம்பெனி சட்டை, கறுப்பு சப்பாத்து, முடி காதுக்கு மேல், கடுக்கன் கூடாது என்று சேரும்போதே சொன்னார்களாம். இவன் ஒரு நாள் சிலிப்பரோடு போனான், இன்னொரு நாள் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு போனான். இரண்டு நாளும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டார். முதல் மாதத்தில் அந்த இரண்டு நாளைக் கழித்து, சட்டைக்கு 120, டெண்டா (அபராதம்) 50 என்று பிடித்துக்கொண்டு, ஆயிரத்து இருநூறு சொச்சம்தான் கைக்கு வந்தது. "நாளையிலிருந்து போகமாட்டேன்" என்கிறான். சொல்லாமல் நின்றால் ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று ஏஜெண்டு மிரட்டுகிறார். நான் நேரில் போய் சூப்பர்வைசரிடம் பேசட்டுமா? கையில் கட்டியிருக்கும் கோயில் கயிறையும் கழற்ற வேண்டுமா?

பதில்:

போகாதீர்கள் அம்மா. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் கடை வாசலில் நின்று பேசினால், அன்றிலிருந்து அவன் அந்தக் கடையில் வேலையாள் இல்லை, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பையன்". அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. பேச வேண்டியவன் அவன். அவன் பேசுவதற்கு வேண்டியதைத்தான் கீழே எழுதுகிறேன். படித்துவிட்டு அவனிடம் கொடுங்கள்.

முதலில் அவனுக்குப் பிடிக்காத செய்தி. வேலையாள் என்ன உடுத்தி வர வேண்டும் என்று சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு. கடுக்கன் கூடாது, சாயம் கூடாது என்பதெல்லாம் நம் காலத்துக்குக் கொஞ்சம் கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சேரும்போதே சொல்லியிருக்கிறார்கள், இவனும் தலையாட்டியிருக்கிறான். சாயத்தையாவது தெரியாமல் பூசினேன் என்று சொல்லலாம். சிலிப்பருக்கு என்ன சொல்வான்? அரிசி மூட்டை இறங்கும் இடத்தில் கால்விரல் தெரிய நின்றால் எந்த சூப்பர்வைசரும் திருப்பித்தான் அனுப்புவார். அந்த இரண்டு நாள் கூலி, நாளைக்கு 65 வெள்ளி 38 காசு என்று கணக்குப் போட்டுக் கழித்திருக்கிறார்கள். அதை மறந்துவிடச் சொல்லுங்கள். செய்யாத வேலைக்குக் கூலி கேட்டுப் போனால், நியாயமாகக் கேட்க வேண்டியதும் எடுபடாமல் போகும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 16 வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் பேர் கொடுத்து, முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை வெறுங்காலோடு பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடத்துக்கு) போனேன். கிராணி (தோட்டத்து எழுத்தர்) லாந்தரை இறக்கி என் காலைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, பேரேட்டில் என் பெயருக்கு நேரே கோடு போட்டார். அப்பா பத்தடி தள்ளி அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகக் கிராணியிடம் ஒரு சொல் கேட்பார் என்று பார்த்தேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அப்பா மீது வந்த கோபம் ஒரு மாதம் இருந்தது. சப்பாத்து மட்டும் மறுநாளிலிருந்து காலில் இருந்தது.

சரி, இனி பணம். நீங்கள் வாட்சப்பில் அனுப்பிய சம்பளச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) அச்சில் இருக்கின்றன. அதற்குக் கீழே நீல மையில் கையால் "யூனிபார்ம் 2 x 60", அடுத்த வரியில் "டெண்டா 50". பக்கத்தில் கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இது கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு இல்லை, ஏஜெண்டு போட்டது.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. முதலாளி தானாகப் பிடிக்கக்கூடியவை மிகச் சில. கடந்த மூன்று மாதத்தில் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்தது, முன்பணமாகக் கொடுத்தது, சொல்லாமல் நின்றவர் தர வேண்டிய நோட்டீஸ் பணம் (அது கீழே வருகிறது), ஈபிஎஃப், சொக்சோ போலச் சட்டமே பிடிக்கச் சொன்னது. மற்ற எதுவானாலும் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், பெரும்பாலானவற்றுக்குத் தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் வேண்டும். டெண்டா என்ற சொல்லே அந்தப் பட்டியலில் கிடையாது. உடைக்காக அவனைத் திருப்பி அனுப்பலாம், எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம், திருந்தாவிட்டால் விசாரித்து வேலையை விட்டும் நிறுத்தலாம். அபராதம் என்று சம்பளத்தில் கை வைக்க முடியாது. 50 வெள்ளி திரும்பி வர வேண்டிய பணம். அனுமதியில்லாமல் பிடித்த 120ம் அப்படித்தான்.

இந்த இடத்தில்தான் ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவர்கள் 24ஆவது பிரிவை உங்களையும் என்னையும்விட நன்றாகப் படித்தவர்கள். "முன்பணம்" பிடிக்கலாம் என்று இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொள்வார்கள். சட்டையைக் கையில் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "சட்டை வாங்கினதுக்கு ஒரு சைன் போடு தம்பி" என்பார்கள். அடுத்த மாதம் அந்தத் தாளின் மேல்பகுதியில் "முன்பணம் 120 வெள்ளி பெற்றுக்கொண்டேன்" என்று மலாயில் டைப் அடித்திருக்கும். சட்டை முன்பணமாகிவிட்டது. இப்படி எத்தனை தாள் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் நம் ஆட்கள் நம் ஆட்களுக்குச் செய்தது. "நம்ம ஊர் அண்ணன்தானே" என்று பிள்ளைகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் கங்காணி செய்ததும் இதுதான். கங்காணியாவது தலைப்பாகை கட்டியிருந்தார், தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

அதனால் மகனிடம் இன்றைக்கே கேளுங்கள். எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டான்? நகல் இருக்கிறதா? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலையென்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். ஐசியை (அடையாள அட்டையை) யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கிறானா? அதை வாங்கி வைத்துக்கொள்ள ஏஜெண்டுக்கு உரிமை இல்லை, உடனே திருப்பி வாங்கச் சொல்லுங்கள். சம்பளம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். "முதல் மூன்று மாதம் என் கணக்கில் போடச் சொல்லியிருக்கேன், நான் எடுத்துத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அத்தோடு அவருக்கு ஒரு கும்பிடு. ஏடிஎம் அட்டையைக் கேட்டாலும் அதே கும்பிடு. உங்கள் கணவரிடம் ஜாமின் கையெழுத்துக் கேட்டு ஆள் வருவார், போடக்கூடாது. முறையாக உரிமம் எடுத்த நிறுவனத்தின் பெயரிலேயே "அகென்சி பெக்கெர்ஜாஆன்" (மலாயில் வேலைவாய்ப்பு நிறுவனம்) என்று இருக்கும். உங்கள் சீட்டில் அப்படி எதையும் காணோம், ஒரு கைப்பேசி எண்ணும் முருகன் படமும்தான் இருக்கின்றன.

அடுத்தது அந்த மிரட்டல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத் தெரியாமல்தான் பல பிள்ளைகள் பயந்து வேலையில் கிடக்கிறார்கள்.

ஏஜெண்டு சொல்வது முழுப் பொய் இல்லை. வேலைச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, நோட்டீஸ் கொடுக்காமல் ஒப்பந்தத்தை முறிக்கிறவர், முதலாளியோ தொழிலாளியோ, நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால், இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு நான்கு வாரம். பெரியவர்களுக்கு இது சரி. ஆனால் உங்கள் மகனுக்கு இன்னும் 18 ஆகவில்லை. அவனுக்கு 1966ஆம் ஆண்டு சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதிலும் 13ஆவது பிரிவுதான். அது இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, இளையோர் தாங்களே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், வழக்கு என்று வந்தால் பெரியவர் துணை இல்லாமல் தாங்களே போடலாம். இரண்டு, அவர்கள் வேலை ஒப்பந்தத்தை மீறினால், நஷ்டஈடோ மேலே சொன்ன நோட்டீஸ் பணமோ அவர்களிடம் வசூலிக்க முடியாது. ஒரு காசுகூட.

அதாவது, அவன் நாளைக்கே நின்றாலும் ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. பாக்கிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் கூடாது. நோட்டீஸ் இல்லாமல் நின்றவருக்கு மூன்றாம் நாளுக்குள் பாக்கி வந்து சேர வேண்டும். "ஆனால் அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறானே" என்பார் ஏஜெண்டு. போட்டிருக்கட்டும். "ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று இருக்கிறதே" என்பார். இருக்கட்டும். ஆனால் ஜூலை வரைக்கும்தான் இந்தக் குடை. 18 நிறைந்த பிறகு அதே பையன், அதே கடையில், அதே கோபத்தில் சொல்லாமல் நின்றால் 13ஆவது பிரிவு அவன் மேல் பாயும், இந்த முறை பெரியவர்களின் 13. பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்த ஒரு பையன் உண்டு. இரண்டு நாள் முன்னால் நின்றிருந்தால் ஒன்றுமில்லை. அதனால் நிற்பதென்றால் நிற்கலாம், எழுத்தில் சொல்லிவிட்டு நிற்கட்டும். வாட்சப்பில் இரண்டு வரி போதும், தேதி தெரிய வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று, அனுப்பிய இன்னொரு படத்தில் இருந்தது. பஞ்ச் கார்டில் மதியம் 2க்கு நுழைவு, இரவு 10:06க்கு வெளியேற்றம், வரிசையாக 11 நாள். 18 வயது நிறையாத பிள்ளையை இரவு 8 மணியிலிருந்து காலை 6 வரை கடை வேலையில் வைக்கக்கூடாது. ஏழு நாளில் ஆறு நாளுக்கு மேல் வாங்கக்கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. சிலிப்பருக்கு டெண்டா போடத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். எஸ்பிஎம்முக்கு எத்தனையோ பாடம் மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்று 11 வருடப் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் சொல்லித்தர மனமில்லை. பிள்ளைகள் கடையில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

சப்பாத்து விஷயத்தில் ஒன்று. அவனைக் கிடங்கில் போட்டு, இரும்பு வைத்த பாதுகாப்புச் சப்பாத்து போடச் சொன்னால் அதற்குக் காசு கேட்கக் கூடாது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்க முடியாது. சாதாரணக் கறுப்புச் சப்பாத்து வேறு, அது அவன் வாங்க வேண்டியது. கோயில் கயிறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோழி பொரிக்கும் கவுண்டரில் நின்றால் கழற்றத்தான் வேண்டும், உணவு கையாளுகிறவர்களுக்குச் சுகாதார விதி தனி. மற்ற இடமென்றால் மேனேஜரிடம் தன்மையாகக் கேட்கட்டும்.

இனி அவன் செய்ய வேண்டியது. முதலில் சூப்பர்வைசரிடம் போய், சிலிப்பரும் சாயமும் தன் தவறு என்று சொல்லட்டும். அதைச் சொன்ன பிறகு அதே மூச்சில், "120, 50 எந்தக் கணக்கு, எனக்கு எழுத்தில் வேண்டும்" என்று கேட்கட்டும். தவறை ஒப்புக்கொண்டவன் கேட்கும் கேள்விக்கு ஒரு கனம் இருக்கும். முக்கால்வாசி இடங்களில் இந்தக் கேள்விக்கே பணம் திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் ஈப்போவில் தொழிலாளர் இலாகா இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். முன்பே சொன்னதுபோல் அவனே தன் பெயரில் புகார் கொடுக்கலாம். ஏஜெண்டை மட்டும் எழுதாமல் கடையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவருக்கும் சம்பளத்தில் பொறுப்பு உண்டு, ஆனால் அதற்கு 90 நாள் கெடு, தள்ளிப்போடக் கூடாது. கவுண்டரில் முதல் கேள்வியே "முதலாளியின் பதிவு எண் என்ன" என்றுதான் இருக்கும். ஒப்பந்தமே தராத முதலாளியின் பதிவு எண் 17 வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பாரத்தைத் தயாரித்தவர் யோசித்ததே இல்லை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அந்தப் பேரங்காடியில் ஒரு ரொட்டி வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்தட்டும், கம்பெனி பெயரும் எண்ணும் அதன் தலைப்பிலேயே இருக்கும். விசாரணைத் தேதி கொடுப்பார்கள், ஏஜெண்டு வரமாட்டார், இன்னொரு தேதி கொடுப்பார்கள். பஸ் காசும் ஒரு நாளும் போகும். சலித்துக்கொண்டு விட்டுவிடுவான் என்றுதான் ஏஜெண்டு கணக்குப் போட்டிருப்பார்.

நீங்கள் சுங்கை சிப்புட் பஸ் நிலையம் வரை போனால் போதும். சம்பளச் சீட்டு, பஞ்ச் கார்டு படம், வாட்சப் செய்திகள் எல்லாம் அவன் பையில் இருக்கட்டும். 60 வெள்ளி போட்ட அந்த இரண்டு சட்டையையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். துவைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, நெஞ்சில் போட்டிருக்கும் ஏஜெண்டின் முத்திரை அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.