பதில்: ஏழாம் வகுப்புப் பட்டை வரைபடத்தில் அளவுத்திட்டச் சிக்கல்

வணக்கம் ஆசிரியரே. செங்குத்து அச்சில் 4, 10, 30, 32 என்று தரவில் உள்ள எண்களையே பிள்ளைகள் சம இடைவெளியில் எழுதிவிடுகிறார்கள், பட்டைகள் படிக்கட்டுப் போல் சீராக ஏறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். இது கவனக்குறைவு அல்ல. அச்சும் ஓர் எண்கோடுதான், அதில் சம இடைவெளி சம வித்தியாசத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

மறுபடி மறுபடி வரையச் சொல்வதில் பயன் இல்லை. அவர்கள் வரைந்த படத்தையே கரும்பலகையில் போட்டு, "10-க்கும் 30-க்கும் வித்தியாசம் எவ்வளவு? 30-க்கும் 32-க்கும்? பிறகு இரண்டு இடைவெளியும் ஏன் ஒன்றாக இருக்கின்றன?" என்று கேளுங்கள். வகுப்பில் வாக்குவாதம் கிளம்பும், கிளம்பட்டும். அதன்பின் 0-இலிருந்து ஐந்து ஐந்தாகக் குறிக்கச் சொல்லுங்கள். 30-க்கும் 35-க்கும் நடுவே விரலை நகர்த்தி 32-ஐத் தேடும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, வரைபடத்தின் தலைப்புக்கும் வண்ணத்துக்குமே பாதி மதிப்பெண்ணை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்வில் பிழையான வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எது தவறு, அது பார்ப்பவரை எப்படி ஏமாற்றுகிறது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அச்சில் எண்களை முன்கூட்டியே அச்சிட்டுத் தரும் பயிற்சித்தாள்களைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். அளவுத்திட்டத்தை, அதாவது அச்சில் ஓர் இடைவெளிக்கு எத்தனை என்பதை, பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.